பின்னால் நின்றவள்

ஜன்னலோரம் நீயே உக்காந்துக்க பாப்பா, எனக்குக் காத்து ஆகாது. பையை மடியில வெச்சுக்காத, கால் மரத்துப் போயிடும். கீழ வை. இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளு. இந்தப் பக்கம். ம். இப்பச் சரி.

நீயும் சேலமா? காலேஜா? நல்லது. நான் பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போறேன். பத்து வருஷம் முடிஞ்சு போச்சு, புதுசு பண்ணணும். ஏன் அப்படிப் பாக்குற? இந்தக் கையைப் பாத்தா பாஸ்போர்ட் வெச்சிருக்கிறவ கையாத் தெரியலையா? பதினோரு நாட்டுக்குப் போயிருக்கேன். ஸ்பெயினுக்கு மட்டும் ஏழு தடவை. செங்கம்மான்னு பேரு. ஓசூர் தாண்டி ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கு, அங்கதான் வேலை.

கோல்ஃப் தெரியுமா? தெரியாட்டி ஒண்ணும் குறைஞ்சு போயிடல. பெரிய புல்வெளி. தூரத்துல ஒரு கொடி, கொடிக்குக் கீழ ஒரு குழி. பந்தை அடிச்சு அந்தக் குழியில போடணும். அப்படிப் பதினெட்டுக் குழி. யாரு குறைச்ச அடியில முடிக்கிறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. ஆடுறவங்க கூட பையைத் தூக்கிட்டு ஒரு ஆளு நடக்கணும். அந்த ஆளுக்குப் பேரு கேடி. நான் வீட்டுக்கு வந்து, "இனிமே நான் கேடி"ன்னு சொன்னதும் எங்க வீட்டுக்காரரு, "கல்யாணமான அன்னைக்கே எனக்குத் தெரியுமே"ன்னாரு. அவரு அப்படித்தான்.

உனக்கு நான் சொல்ல வந்தது என்னைப் பத்தி இல்ல. வீப்கேயைப் பத்தி. வீப்கே தோம்சென். ஜெர்மன்காரி. வடக்கே கடலோரம் அவ ஊரு. நெட்டையா, கன்னமெல்லாம் புள்ளிப் புள்ளியா இருப்பா. கோல்ஃப்தான் அவ பொழைப்பு. ஐரோப்பா முழுக்க ஊர் ஊரா போட்டி நடக்கும், பொம்பளைங்க மட்டும் ஆடுறது. அதுல ஆடுறவ. நான் பாக்கிறப்ப அவளுக்கு இருபத்தஞ்சு வயசு. மூணு வருஷமா ஆடி ஒண்ணும் பெரிசாக் கெலிக்கல. குளிர்காலத்துல அங்க பனி, பழக முடியாது. அவகூட வாழ்ந்துட்டிருந்த பையன் ஓசூர்ல ஒரு கம்பெனியில இன்ஜினீயர். அதனால தை மாசம் இங்க வந்தா. நான் அப்ப மைதானத்துல களை பிடுங்கிட்டிருந்தேன், ஆளு குறைஞ்சா பை தூக்குவேன். என்னைத் தள்ளி விட்டாங்க அவகிட்ட.

முதல் ரெண்டு நாள் அவ அடிச்ச பந்தெல்லாம் வலப்பக்கமே போச்சு. அவ பந்தைப் பாக்குறா, மட்டையைப் பாக்குறா, கையைப் பாக்குறா. எனக்குப் பாவமா இருந்துச்சு. நான் களை பிடுங்க வர்றதுக்கு முன்னாடி சித்தாளு. எங்க வீட்டுக்காரரு மேஸ்திரி, நான் அவருக்கு நூல் பிடிப்பேன். செங்கல் வரிசை அரை விரல் விலகினாலும் என் கண்ணுல பட்டுடும். மூணாவது நாள் அவ பின்னாடி போய் நின்னேன். பந்துல இருந்து கொடி வரைக்கும் மனசுல ஒரு நூல் கட்டினேன். அவ்வளவுதான், தெரிஞ்சு போச்சு. கை சரி, இடுப்பு சரி, வீச்சு சரி. நிக்கிறதுதான் கோணல். ரெண்டு விரக்கடை.

"லெஃப்ட்"னேன்.

திரும்பிப் பாத்தா. பை தூக்குறவ வாயைத் திறந்துட்டாளேன்னு பாத்தாளோ என்னவோ. மறுபடி "லெஃப்ட்"னேன். காலை நகத்தினா. இன்னும் கொஞ்சம்னு கையைக் காட்டினேன். நகந்தா. நூலுக்கு வந்துட்டா. நான் "ம்"னேன். அடிச்சா. பந்து கொடியை உரசிட்டு நின்னுச்சு. அவ பந்தைப் பாக்கவே இல்ல பாப்பா, என்னையவே பாத்துக்கிட்டு நின்னா.

அதுல இருந்து அப்படித்தான். அவ பந்துகிட்ட நிப்பா, நான் பின்னாடி நிப்பேன், லெஃப்ட், ரைட், கொஞ்சம், ம். நான் "ம்" சொன்னாத்தான் மட்டையைத் தூக்குவா. அடுத்த மாசம் டெல்லி பக்கம் ஒரு போட்டி, கூட்டிட்டுப் போனா. ஆறாவதா வந்தா. அதுக்கு முன்னாடி அவ ஆறாவதா வந்ததே இல்ல. எங்க வீட்டுக்கு வந்து தரையில சம்மணம் போட்டு உக்காந்து எங்க வீட்டுக்காரர்கிட்ட, "உங்க கண்ணை எனக்குக் குடுங்க"ன்னா. அவளோட தமிழ் அப்படி. எங்க வீட்டுக்காரரு பயந்துட்டாரு. என்னையத்தான் கேக்குறான்னு புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு.

மொராக்கோ, செக், ஸ்காட்லாந்து. மாசியில போனா ஐப்பசியில வருவேன். முதுகுல அவ பேரு போட்ட ஒரு மேலங்கி குடுப்பாங்க, கேடிங்க எல்லாரும் அதைப் போடணும். எல்லாரும் என்னைத் தோம்சென்னு கூப்பிடுவாங்க. ரெண்டாவது வருஷம் ஒரு போட்டியில ஜெயிச்சா. நாலாவது வருஷம் இன்னொண்ணு. பேப்பர்ல அவ படம் வந்துச்சு, பின்னாடி என் கையும் வந்துச்சு. பேட்டி எடுக்கிறவங்க அவகிட்ட, "எப்படி இவ்வளவு நேரா அடிக்கிறீங்க?"ன்னு கேப்பாங்க. என்னைக் காட்டுவா. கூடவே சிரிப்பா. ஒரு தடவை மட்டும், "அவ காய்ச்சல்ல படுத்தா நானும் படுத்துக்கணும்"னு சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. பெருமையாத்தான் இருந்துச்சு எனக்கு.

அந்த இன்ஜினீயர் பையன் நடுவுல அவளை விட்டுட்டுப் போயிட்டான். அது வேற கதை. அவன் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். நான் இருந்தேன்ல.

தண்ணி குடிக்கிறியா? பாட்டிலைத் தூக்கிக் குடி, வாய் வெச்சுக் குடிக்காத. ம்.

அப்புறம்தான் அந்தச் சட்டம் வந்துச்சு. 2019, ஜனவரி ஒண்ணாம் தேதி. உலகத்துல கோல்ஃப் ஆடுற எல்லாருக்கும். ஆடுறவங்க அடிக்க நிக்கிறப்ப கேடி பின்னாடி நேர் கோட்டுல நிக்கக் கூடாது. நின்னா ரெண்டு அடி தண்டனை. ஆடுறவங்க சுதாரிச்சு விலகி, கேடி இல்லாம மறுபடி வந்து நின்னா மன்னிப்பு. நிக்கிறது ஆடுறவங்க திறமையாம், அதுல அடுத்தவங்க ஒத்தாசை கூடாதாம். எங்கேயோ கண்ணாடி ரூம்ல உக்காந்து எழுதிட்டாங்க. அதுல இருக்கிற யாராவது ஒரு நாள் நூல் பிடிச்சிருப்பாங்களா? அவ கதையை முடிச்சது அந்தச் சட்டம்தான். யாரு கேட்டாலும் நான் அதைத்தான் சொல்லுவேன்.

அந்தக் குளிர்காலம் அவ ஓசூருக்கு வரல. போன் பண்ணினா. போர்ச்சுகல்ல ஒரு கோச்சுகிட்டப் பழகுறாளாம்.

"செங்கா, நான் தனியா நிக்கக் கத்துக்கிறேன்"னா.

"தனியா நின்னு என்ன பண்ணப் போற?"ன்னேன்.

அப்புறம் மாசியில வான்னு டிக்கெட் அனுப்பினா.

போனா, என்னத்தச் சொல்ல. பந்துக்கு ஒரு முழம் முன்னாடி, கொடிக்கு நேரா, ஏதாவது ஒண்ணைப் பாத்து வெச்சுக்கிறா. ஒரு காஞ்ச இலை, ஒரு மண் புள்ளி. அப்புறம் அந்த இலையைப் பாத்து நிக்கிறா. ஆறு வருஷமா என் கண்ணைப் பாத்து நின்னவ ஒரு இலையைப் பாத்து நிக்கிறா. இலை பேசுமா? நான் பக்கவாட்டுல பையோட நிக்கிறேன். காத்து எந்தப் பக்கம்னு சொல்றேன், எத்தனை மீட்டர்னு சொல்றேன். அவ்வளவுதான் வேலை. நிக்கிறதை மட்டும் பாக்கக் கூடாது.

முதல் அஞ்சு போட்டியிலயும் ரெண்டாவது நாளோட வெளிய. ரெண்டு நாள் ஆடினதும் பாதிப் பேரை அனுப்பிடுவாங்க, அந்தப் பாதியில நாங்க. நான் சொன்னேன், "நான்தான் அப்பவே சொன்னேனே"ன்னு. அவளுக்காகத்தான் சொன்னேன். அவ சரி சரின்னு தலையை ஆட்டிட்டு, பழகுற இடத்துக்குப் போய் நெத்தி சுடுற வெயில்ல குச்சியைத் தரையில போட்டு அதுக்கு நேரா நின்னு நின்னு பாப்பா. நூறு தடவை. அடிக்கக்கூட மாட்டா, சும்மா நிப்பா, விலகுவா, நிப்பா. எனக்குப் பாக்கச் சகிக்காது. நான் போய் டீ குடிப்பேன்.

ஆவணிக்கு மேல கொஞ்சம் தேறிச்சு. காத்து அவ பக்கம் இருந்துச்சு. ஃபின்லாந்துல ஒரு நாள் அறுபத்தேழு அடியில முடிச்சா. அது ரொம்ப நல்ல கணக்கு. ஓடி வந்து என் தோளைப் பிடிச்சுக் குலுக்கினா, "செங்கா, பாத்தியா, பாத்தியா!"ன்னு. பாத்தேன். எனக்குப் பொய் சொல்ல வராது பாப்பா. "அந்த ஏழாவது குழியில ஒரு விரக்கடை வலப்பக்கம் நின்ன"ன்னேன். கையை எடுத்துட்டா. நல்லதைச் சொன்னா யாருக்குப் பிடிக்குது?

கடைசிப் போட்டி ஸ்பெயின்ல. நவம்பர். இதைக் கவனமாக் கேளு. வருஷக் கடைசியில எழுபது பேருக்குத்தான் அடுத்த வருஷம் ஆட அனுமதி. கார்டுன்னு சொல்லுவாங்க. எழுபத்தொண்ணாவது ஆளு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீப்கே தொண்ணூறுக்கு மேல கிடந்து, ஏறி ஏறி, எழுபதுக்குக் கிட்ட வந்து நின்னா. அவளுக்கு முப்பத்தொண்ணு ஆயிடுச்சு, முதுகு வலி. கார்டு போச்சுன்னா இத்தோட விட்டுடுவேன்னு அவங்க அம்மாகிட்டப் போன்ல சொன்னதை நான் கேட்டேன். எனக்கு அந்த அளவுக்கு ஜெர்மன் தெரியும்.

கடைசி நாள் காலையில பையைத் துடைச்சிட்டிருந்தேன். வந்து பக்கத்துல குத்த வெச்சு உக்காந்தா.

"செங்கா, இன்னைக்கு என்ன ஆனாலும் என் பின்னாடி வராத."

"சட்டம் தெரியும்டி எனக்கு."

"சட்டத்துக்காக இல்ல. எனக்காக."

பதட்டம் அவளுக்கு. சரின்னேன்.

பதினேழு குழி நல்லா ஆடினா. கூட ஆடின ஸ்காட்லாந்துப் பொண்ணு கிர்ஸ்டிகூட, "இன்னைக்கு உன்னைப் பிடிக்க முடியாது"ன்னா. கடைசிக் குழி. கணக்குப் பலகை பக்கத்துலயே இருந்துச்சு. அந்தக் குழியை நாலு அடியில முடிச்சாப் போதும், கார்டு உண்டு. அஞ்சு ஆனா இல்ல. முதல் அடி நல்ல இடத்துல விழுந்துச்சு. ரெண்டாவது அடிதான், குளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் கொடி. நூத்தி நாப்பது மீட்டர்னு சொன்னேன். மட்டையை எடுத்தா. பந்துக்குப் பின்னாடி நின்னு பாத்தா, முன்னாடி ஏதோ ஒரு இலையைப் பிடிச்சிட்டா போல, நடந்து வந்தா.

நான் பக்கவாட்டுலதான் நின்னேன். சத்தியமா. அப்புறம் எப்ப நடந்தேன்னு தெரியல. நாலு எட்டுதான். பின்னாடி வந்துட்டேன். அந்தக் குளத்தைப் பாக்குறேன், அவளைப் பாக்குறேன், எப்படி விடறது? ஒரு விரக்கடை விலகி நின்னாலும் தண்ணியில போயிடுமே. நூல் கட்டினேன்.

நேராத்தான் நின்னா. அரிசி அளவுகூட விலகல. நான் "ம்"னேன். நான் சொன்னேனா, வாய் தானாச் சொல்லுச்சா, தெரியல. அவ அடிச்சிட்டா.

கொடிக்கு ரெண்டு முழத்துல விழுந்துச்சு. அவ்வளவு ஜனமும் கை தட்டுச்சு. போய் ஒரே தட்டு, குழிக்குள்ள. மூணு. நாலு போதும்னு இருந்த இடத்துல மூணு. தொப்பியை எடுத்துட்டு முகத்தை மூடிக்கிட்டு நின்னா.

ஆட்டம் முடிஞ்சா ஒரு கூடாரத்துல உக்காந்து கணக்கைச் சரிபாத்துக் கையெழுத்துப் போடணும். அங்க கிர்ஸ்டி பேனாவைக் கீழ வெச்சா. "மன்னிச்சுக்க வீப்கே. உன் கேடி உன் பின்னாடி நின்னதைப் பாத்தேன்"னா. நடுவரம்மா ஒருத்தி வந்தா, நரைச்ச முடி, மரியாதையான ஆளு. வீப்கேகிட்டக் கேட்டா.

"இல்லையே. யாரும் இல்லையே. நான் என் புள்ளியைத்தான் பாத்தேன்"னா வீப்கே. அப்புறம் என் பக்கம் திரும்பினா. "செங்கா, இல்லைதானே?"

கூடாரத்துல எல்லாரும் என்னைப் பாத்தாங்க. ஏழு வருஷத்துல என்னைப் பாத்து ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்ல அந்தக் கூடாரத்துல. அந்தப் பந்து எப்படி விழுந்துச்சு தெரியுமா பாப்பா? ரெண்டு முழம். அதை அந்த இலை செஞ்சுதுன்னு நான் எப்படி விட்டுக் குடுப்பேன்?

"நான்தான் நேர் பாத்தேன்"னேன். "நின்னு, பாத்து, ம் சொன்னேன். அதுக்கப்புறம்தான் அடிச்சா."

"உன் சத்தம் எனக்குக் கேக்கவே இல்ல"ன்னா வீப்கே. மெதுவாச் சொன்னா.

"கேக்காம எப்படி அடிச்ச?"ன்னேன்.

ரெண்டு அடி கூட்டினாங்க. மூணு, அஞ்சாச்சு. எழுபத்தொண்ணாவது இடம்.

கோவப்பட்டிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும். அவ கோவப்படல. பஸ் ஸ்டாண்டுல முன்னப்பின்னத் தெரியாத ஆளைப் பாக்குற மாதிரி என்னைப் பாத்தா. பேனாவை எடுத்து அஞ்சுன்னு எழுதினா, கையெழுத்துப் போட்டா. நான் போய்ப் பையைத் துடைச்சேன். பதினாலு மட்டையையும் துடைச்சேன். எனக்கு ஒண்ணும் தோணல. அழுகையும் வரல. இப்பச் சொல்றப்பவும் ஒண்ணும் தோணல, பாரு.

ஏர்போர்ட் வரைக்கும் அவளே கொண்டுவந்து விட்டா. கட்டிப் பிடிச்சா. "அவங்க கேட்டப்ப நீ பொய் சொல்லல. அதுக்கு நன்றி"ன்னா. நான் "அதெல்லாம் என்ன"ன்னேன். "ஆனா நான் கேட்ட ஒண்ணை நீ செய்யல"ன்னா. காலையில சொன்னதைத்தான் சொல்றான்னு விமானத்துல ஏறி உக்காந்தப்புறம்தான் புரிஞ்சுச்சு. பதட்டத்துல சொல்றதையெல்லாம் ஒருத்தர் மனசுல வெச்சுக்குவாங்களா?

அப்புறம் கொரோனா வந்துச்சு. நான் மறுபடி களை பிடுங்கப் போனேன். அவ அவங்க ஊர்ல ஒரு கிளப்புல சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறதாக் கேள்வி. அவ்வளவு பெரிய ஆட்டக்காரி, பிள்ளைங்களுக்கு. சட்டம் பண்ணின வேலை.

இரு, இன்னும் முடியல. போன மாசம் எங்க கிளப் ஆபீஸ்ல டேனியல் சார் கூப்பிட்டாரு. "செங்கம்மா, உன் ஜெர்மன்காரி திரும்ப ஆட வந்துட்டாம்மா"ன்னு கம்ப்யூட்டர்ல காட்டினாரு. கார்டு இல்லாதவங்களுக்குன்னு தனியா ஒரு தேர்வுப் போட்டி நடக்கும், இருநூறு பேரு ஆடுவாங்க. அதுல அஞ்சு நாளும் ஆடி மூணாவதா வந்திருக்கா. கார்டு திரும்பக் கிடைச்சிடுச்சு. முப்பத்தஞ்சு வயசுல!

படம் போட்டிருந்தாங்க. மூணு சக்கர வண்டியில பையை வெச்சுத் தானே தள்ளிட்டுப் போறா. பக்கத்துல ஒரு ஆளு இல்ல. டேனியல் சார் கீழ எழுதியிருந்ததைப் படிச்சுச் சொன்னாரு, கேடி இல்லாம அஞ்சு நாளும் தனியாவே ஆடினாளாம். அதைப் போயி பெருமையா எழுதியிருக்காங்க. சார் சிரிச்சிட்டிருந்தாரு. எனக்குத்தான் தெரியும், ஒருத்தியும் கிடைக்கல அவளுக்கு. சிரிச்சாப்புல நிக்கிறா, ஆனா எனக்குத் தெரியாதா?

அதான் பாஸ்போர்ட். மாசியில போட்டி ஆரம்பிச்சிடும்.

ஒரு உதவி பண்ணு பாப்பா. எனக்கு இங்கிலீஷ் பேச வரும், எழுத வராது. இந்தா போன். வாட்சப்புல அவ பேரு இருக்கும், தொப்பி போட்ட படம். அதுதான். இப்படி அடி: யாரையும் வேலைக்கு வெச்சுக்காத. பாஸ்போர்ட் வந்ததும் நான் வர்றேன். நீ வண்டி தள்ள வேண்டாம். செங்கா.

என்ன கேட்ட? அவ வரச் சொன்னாளாவா?

நல்லாக் கேட்ட போ. கூப்பிட்டாத்தான் போகணும்னா ஆஸ்பத்திரியில கிடக்கிறவங்களை யாரும் போய்ப் பாக்க மாட்டாங்க. அடி, அடி. மேல வேற ஒண்ணும் சேக்காத, நான் சொன்னதை மட்டும் எழுது.

அனுப்பிட்டியா? ஒரு டிக்குதான் விழுந்திருக்கா? இது தொப்பூர் கணவாய், இங்க அப்படித்தான். மேல என்னத்தத் தள்ளித் தள்ளிப் பாக்குற? அதெல்லாம் நான் அனுப்பினதுதான். பொங்கலுக்கு, தீபாவளிக்கு, அவ பொறந்த நாளுக்கு, பூப் படம், சாமி படம். ஆமா, எல்லாத்துக்கும் ஒரே டிக்குதான். நாலு வருஷமா ஒரே டிக்குதான். அவ ஊரு கடலோரம் பாப்பா, காத்து ஜாஸ்தி. டவர் எடுக்காது.